திட்டம் யார் கையில், தொண்டு யார் தலையில்? – ஒரகடத்திலிருந்து ஒரு பார்வை



நினைவுச் சொற்பொழிவு என்றால், நினைவுகூரப்படுபவரைக் கொஞ்சம் புகழ்ந்துவிட்டுப் பிறகு நமக்குத் தெரிந்ததைப் பேசுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் ஐயா புகழுரையைக் கேட்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவருடைய மஞ்சள் பையில் எப்போதும் மனுக்களின் நகல்கள் இருக்கும். எந்த மனு எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக அமைப்புக்கு வரும் பையன்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இந்த முடிவ எடுத்தவரு எந்த ஆபீஸ்ல, எந்த நாற்காலியில உக்காந்திருக்காரு? அதக் கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் கோஷம் போடலாம்."

அந்தக் கேள்வியை முன்வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன். மாநில அரசிடம் இரண்டு வகையான ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, திட்டமிடும் அலுவலகங்கள். இன்னொன்று, அந்தத் திட்டங்களை நடத்த மக்களிடமிருந்து தன்னார்வலர்களைத் திரட்டும் அமைப்புகள். முதலாவதில் நாம் அநேகமாக இல்லை. இரண்டாவதில் நாம்தான் நிறைந்திருக்கிறோம். இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இதை உடைக்கச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரகடம் கூட்டுச்சாலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு காலனி. அங்கே பி.காம். படித்த ஒரு தங்கை, அரசின் தன்னார்வலர் திட்டம் ஒன்றில் சேர்ந்து, மாலை வேளையில் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினாள். தேதி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மூன்று பத்திகள் பிரித்து எழுதியிருந்தாள்.

"அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." "தண்ணீர் லாரி வந்தது." "கன்டெய்னர் லாரிகள் அதிகம், சாலையைத் தாண்ட பயம்." "மழை, தெருவில் முழங்கால் தண்ணீர்." ஆறு மாதத்துக்கும் திரும்பத் திரும்ப இந்த நான்கு காரணங்கள்தான். பிள்ளை படிக்கவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் படிக்க வர முடியவில்லை என்பதற்குக் குழந்தைக் காப்பகம், குடிநீர், சாலைக் கடப்பு, வடிகால் என்று நான்கு துறைகள் பதில் சொல்ல வேண்டும்.

நான் அவளிடம், "இது ஒரு ஊராட்சித் திட்டத்துக்கான அடிப்படை ஆவணம்மா" என்றேன். அவள் சிரித்தாள். "அண்ணா, ஆப்ல எத்தன பேர் வந்தாங்கன்னு மட்டும்தான் போடச் சொல்றாங்க. ஏன் வரலன்னு எழுத அதுல இடமே இல்ல."

இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. கீழே இருப்பவரிடமிருந்து உழைப்பை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அவருக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்ள வழி இல்லை.

1971: மூன்று பிறப்புகள்

திட்டமிடும் அலுவலகங்கள் எவை? 1971ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதம், கலைஞர் ஆட்சியில் மாநிலத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. முதலமைச்சர்தான் அதன் தலைவர். அதே ஆண்டில்தான் சிப்காட் தொடங்கப்பட்டது. நகர் ஊரமைப்புச் சட்டமும் அதே 1971இல்தான் வந்தது. எதைச் செய்யலாம் என்று யோசிக்க ஓர் அமைப்பு, தொழிலுக்கு நிலம் எடுத்துக் கொடுக்க ஓர் அமைப்பு, எந்த நிலத்தில் எது வரலாம் என்று கோடு போட ஒரு சட்டம்.

இந்த மூன்றில் திட்டக் குழு ஓர் ஆலோசனை அமைப்பு. சென்னைச் சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்குகிறது. 2020இல் இதை 'மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு' என்று மாற்றினார்கள். 2021இல் பொருளியலாளர் ஜெ. ஜெயரஞ்சன் துணைத் தலைவராகக் குழு திருத்தியமைக்கப்பட்டது. பின்னர் பழைய பெயரே திரும்பியது. இந்தக் குழு பயனுள்ள வேலைகளைச் செய்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. காலை உணவுத் திட்டத்தை ஆய்வு செய்து, 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் மாணவர் வருகை கூடியிருக்கிறது என்று சொன்னது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கணக்குக் காட்டியது. திட்டம் நடந்த பிறகு மக்களிடம் போய்க் கேட்கிறார்கள். திட்டம் போடுவதற்கு முன் யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஒரகடத்தை மாற்றியது எழிலகத்தின் ஆய்வறிக்கைகள் அல்ல. நிலம் எடுத்த சிப்காட்டும், தொழில் துறை போட்ட ஒப்பந்தங்களும்தான். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஏரிப்பாசன ஊர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மோட்டார் வாகனத் தொழிலின் வரைபடத்துக்குள் போய்விட்டன. இப்போது திட்டமிடும் அதிகாரம் இன்னும் மேலே நகர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பகுதியும் அதற்குள் வந்துவிட்டது. நம் காலனியின் வடிகால் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி, எழும்பூரில் இருக்கும் சி.எம்.டி.ஏ. வரைக்கும் போகிறது.

நிலத்தில் மூடப்பட்ட கதவு

நிலம் எடுக்கும் இடத்தில் மக்கள் பேச ஒரு கதவு திறந்தது, பிறகு மூடப்பட்டது. இதை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம், நிலத்தைக் கையகப்படுத்தும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், உள்ளாட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. நிலம் இல்லாத விவசாயக் கூலிகளையும், வாழ்வாதாரம் இழந்தால், பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுத்தது. சேரிக்கு இது முக்கியம். பட்டா நம்மிடம் இல்லை. ஆனால் நாற்று நடவும், களை எடுக்கவும், மாடு மேய்க்கவும் அந்த நிலத்தைத்தான் நம்பியிருந்தோம்.

தமிழ்நாடு அரசு அந்தச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் அதன் மூலம் விலக்குக் கொடுத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு புதிய சட்டம் கொண்டுவந்து மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீடும் மறுவாழ்வும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைகளின்படி கிடைக்க வேண்டும். ஆனால் 'இங்கே இது வரலாமா' என்று முன்கூட்டியே மக்களிடம் கேட்கும் கட்டம் கட்டாயமில்லை.

நமக்கு வீட்டுமனை கொடுக்க உருவான 1978ஆம் ஆண்டுச் சட்டமும், ஆலைக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே விலக்கின் கீழ் நிற்கின்றன. எனவே நாம் இதை மேலோட்டமாக எதிர்க்கவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது. பிரித்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிய கதை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1892ஆம் ஆண்டு அரசாணையும்தான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. நமக்காகப் போடப்பட்ட முதல் அரசுத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். அந்த நிலம் கைமாறிப் போன பிறகு அதை மீட்கக் கேட்டதற்காகத்தான், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காரணை நமக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: திட்டம் காகிதத்தில் நம் பெயரில் இருந்தால் போதாது, அதைக் கண்காணிக்கும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும்.

தொண்டு என்ற சொல்லின் பின்னால்

இனி இரண்டாவது பக்கத்துக்கு வருவோம். தன்னார்வத் தொண்டு உயர்ந்த சொல். ஆனால் நமக்கு அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் வருகின்றன. கூலியில்லாமல் அரசுக்கும் ஊருக்கும் செய்ய வேண்டிய உழைப்பு. ஏரிக்கரை அடைப்பதும், பறை அறிவிப்பதும், பிணம் சுடுவதும் யார் தலையில் விழுந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு இதே நிலை. வதன் என்ற பெயரில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, இரவு பகலாக அரசு வேலைக்கு இழுத்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகர் வதன் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு வேலை செய்தால் அரசு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கூலியில்லா வேலையைத் தடை செய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புத்தான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

விடுதலைக்குப் பிறகு திட்டமும் தொண்டும் ஒன்றாகவே வந்தன. 1952இல் மத்தியத் திட்டக் குழுவின் முயற்சியில் பாரத் சேவக் சமாஜ் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. சாலை போடவும் குளம் தூர்வாரவும் கிராம மக்கள் சிரமதானம் செய்ய வேண்டும் என்றார்கள். சமூகவியல் மாணவர்கள் எஸ்.சி. துபே 1958இல் எழுதிய 'இந்தியாவின் மாறும் கிராமங்கள்' ஆய்வை நூலகத்தில் தேடிப் படியுங்கள். மேல்சாதியினர் மேற்பார்வை பார்த்தார்கள், மண் சுமந்தது கீழ்ச்சாதியினர், பலன் அதிகம் போனது நிலமுள்ளவர்களுக்கு என்று அவர் கண்டார். ஏழைகள் அதைப் பழைய வெட்டி வேலையின் மறுபிறப்பாகவே பார்த்தார்கள் என்றும் பதிவு செய்தார். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காட்சியில் நம் கேள்வி அப்படியே இருக்கிறது: மேற்பார்வை யாருக்கு, சுமை யாருக்கு?

மதிப்பூதியம் என்ற நாற்காலி

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, மக்கள் நலப் பணியாளர்கள். 1989இல் தி.மு.க. ஆட்சியில் ஊராட்சிதோறும் நியமிக்கப்பட்டார்கள். 1991இல் அ.தி.மு.க. ஆட்சி வந்ததும் நீக்கப்பட்டார்கள். 1997இல் மறுபடி வேலை. 2001இல் மறுபடி நீக்கம். 2006இல் மறுபடி வேலை. 2011 நவம்பரில் ஏறத்தாழ 13,500 பேர் மறுபடி நீக்கம். 2022இல் வேலை உறுதித் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர்களாக 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் வாய்ப்பு அறிவிக்கப்பட்டது. ஊராட்சியில் யாருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை, எந்தத் தெருவுக்குக் குழாய் இல்லை என்று தெரிந்த மனிதர்கள் இவர்கள். நிரந்தரப் பணியிடம் இல்லாததால், ஆட்சி மாறும்போதெல்லாம் அவர்களோடு அந்த அறிவும் வெளியே போனது. ஒரு நாற்காலிக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை அதன் சம்பளம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் உட்கார்ந்திருப்பவரை ஓர் உத்தரவில் எழுப்பிவிட முடியுமா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இரண்டாவது, இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இதன் பலனை நாம் குறைத்துப் பேசக் கூடாது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டார்கள். நம் பெண்கள் செய்த வேலை அது.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. காலனியில் பட்டம் படித்த முதல் தலைமுறைப் பெண், பகலில் ஆலையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குத்தான் கூப்பிடப்படுகிறாள். மாலையில் அதே பெண்ணைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லின் மதிப்பை ஊக்கத்தொகையின் அளவை வைத்து எடைபோட முடியாது. அதனால்தான் தொண்டை விட்டு விலகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் டீச்சராக இருக்கட்டும். டீச்சருக்குத் தெரிந்தது திட்டத்துக்குள்ளும் போகட்டும்.

திட்டமிட்ட அம்பேத்கர்

அம்பேத்கரை நாம் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். திட்டமிடுபவராகவும் நினைக்க வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் நீர்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில் அவர் பங்கு பெரியது. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசின் கையில் இருக்க வேண்டும், நிலத்தைச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாகக் கிராமத்தவருக்குக் குத்தகைக்குத் தர வேண்டும் என்றார். வெட்டி வேலையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவரும், அணைக்குத் திட்டம் போட்டவரும் ஒரே மனிதர். நாம்தான் அவரை இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

கேரளத்திலிருந்து கற்றுக்கொள்ள

திட்டக் குழுவும் தன்னார்வலரும் ஒரே மேசையில் உட்கார முடியுமா? 1996 ஆகஸ்டில் கேரளம் அதை முயன்றது. மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். மாநிலத் திட்ட வாரியமே இயக்கத்தை நடத்தியது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்களைத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவாகத் திரட்டி, ஊராட்சிகள் போட்ட திட்டங்களைச் சரிபார்க்க வைத்தார்கள். அங்கே தன்னார்வலர் திட்டம் எழுதுவதிலேயே உதவி செய்தார்.

ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழக் கூடாது. நிலம் அந்த மேசைக்கு வரவில்லை. 2003இல் முத்தங்காவில் ஆதிவாசிகளும், 2007இல் செங்கறையில் தலித்துகளும் நிலம் கேட்டு எழுந்தபோது அந்தக் குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சாலையும் குழாயும் திட்டமிட நம்மை அழைத்துவிட்டு, நிலத்தை மட்டும் தனி அறையில் முடிவு செய்தால் பங்கேற்பு பாதியில் நின்றுவிடுகிறது.

நம் கையில் இருப்பவை

இப்போது ஐயாவின் கேள்விக்குத் திரும்புவோம். எந்த நாற்காலி? நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் இங்கேதான் ஒப்புதல் பெறுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதற்கு நகல் கேட்டு வாங்குங்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் மக்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று இனி எந்தக் கோப்பிலும் யாரும் எழுத முடியாது.

இரண்டு, மாவட்டத் திட்டக் குழு. அரசியலமைப்பின் 243இசட்.டி. பிரிவு இதை உருவாக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், மாவட்டத்தின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பெருநகரப் பகுதிக்கான திட்டக் குழுவில் இது மூன்றில் இரண்டு பங்கு. இப்போது காஞ்சிபுரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாதபோது அவர்களால் நிரம்ப வேண்டிய குழு எப்படி இயங்கும்? தொழிற்பேட்டை வேகமாக வளர்ந்த மாவட்டத்தில், மக்கள் சார்பில் திட்டம் பேச வேண்டிய நாற்காலிகள் காலியாக இருந்தன. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் அதைக் கட்சிகளின் சண்டையாக மட்டும் பார்க்காதீர்கள். தனி ஊராட்சித் தலைவராக வந்திருக்க வேண்டிய நம் பெண்ணின் திட்டமிடும் உரிமையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது.

மூன்று, நிதி. 1979–80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம், மக்கள்தொகை விகிதத்தில் நமக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. ஆனால் அந்தப் பணம் எங்கெங்கோ போனது. டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குப் பல நூறு கோடி திருப்பப்பட்டது நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. 2017இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவே நீக்கப்பட்டதால் கணக்குப் பிடிப்பது இன்னும் கடினமானது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாட்டில் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்தது. இனி இது சலுகை அல்ல, சட்டம். ஒவ்வொரு துறையும் நம் காலனிக்கு இந்த நிதியில் என்ன செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மாணவர் குழு போதும்.

நான்கு, வரைபடம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி முழுமைத் திட்டம் வரும்போது ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும். சுடுகாட்டுப் பாதை, மேய்ச்சல் நிலம், ஏரிக் கலங்கலிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஓடை ஆகியவை அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இல்லாத ஒன்றுக்கு யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

இவற்றோடு ஒரு கோரிக்கையையும் நாம் சேர்க்க வேண்டும். அரசு எந்தத் தன்னார்வலர் திட்டம் நடத்தினாலும், அந்தத் தன்னார்வலர்கள் எழுதித் தரும் குறிப்பு கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். முழு நேர வேலையாக மாறிவிட்ட தொண்டுக்குக் குறைந்தபட்சக் கூலி தரப்பட வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தங்கள் தோழிகளுக்காக ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியைச் சிப்காட் திறந்தது. தொழிலாளி எங்கே தூங்குவாள் என்பது திட்டமிட வேண்டிய விஷயம் என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அந்த ஒப்புதலில் சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். காலனிப் பிள்ளை எங்கே படிப்பாள் என்பதையும் அதே போல ஒப்புக்கொள்ள வைக்கலாம்.

முடிக்கும் முன்

எழும்பூர் சி.எம்.டி.ஏ. கட்டடத்துக்கு 'தாளமுத்து நடராசன் மாளிகை' என்று பெயர். 1939 ஜனவரியில், முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்ட நிலையில் உயிர்விட்ட நடராசன் ஓர் ஆதிதிராவிட இளைஞர். யாரும் சம்பளம் கொடுத்துச் சிறைக்கு அனுப்பாத தொண்டர். அடுத்த இரண்டு மாதத்தில் தாளமுத்துவும் போனார். சென்னையின் நிலத்துக்கும் இப்போது நம் ஊர்களின் நிலத்துக்கும் கோடு போடும் அலுவலகம், ஒரு சேரித் தொண்டனின் பெயரைச் சுமந்து நிற்கிறது. பெயர் வாசலில் இருக்கிறது. நாம் மாடி ஏற வேண்டும்.

அந்தத் தங்கையின் நோட்டு என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த அக்டோபர் 2 கிராம சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போனாள். காலனிப் பெண்கள் இருபது பேர் கூட வந்தார்கள். ஆறு மாதக் காரணங்களை எண்ணி, ஒரு தாளில் எழுதிப் படித்தாள். வடிகால் தூர்வாரும் வேலை ஊராட்சித் திட்டத்தில் ஏறியது. மழைக்கு முன் நடந்தும் முடிந்தது. தண்ணீருக்குத் தீர்மானம் போட்டார்கள். சாலைக் கடப்பு எங்கள் கையில் இல்லை, நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறோம். குழந்தைக் காப்பகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான்கில் ஒன்று. அந்த மனுவின் நகலும், பெற்றுக்கொண்ட முத்திரையும் இப்போது ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. அந்தப் பை அந்தத் தங்கையிடம் இருக்கிறது.

ஜெய்பீம்.